நின்றே கெடும் வண்டி

கோவிலம்பாக்கத்து அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் உறை போர்த்திய பழைய மாருதி 800 ஒன்றாவது கண்ணில் படும். அப்பா வாங்கியது என்பதால் விற்க மனம் வராது. ரேடியல் ரோடு நெரிசலில் ஓட்டவும் மனம் வராது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஒருநாள் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. ‘கார்புரேட்டர் போச்சு, புதுசு மாத்திடலாம்’ என்ற பேச்சு உடனே கிளம்பிவிடும். கொஞ்சம் பொறுங்கள். நின்ற வண்டியின் கார்புரேட்டரில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது, அடைத்துக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் அடைப்பு என்பதை இன்ஜின் நடந்துகொள்ளும் விதமே காட்டிக்கொடுக்கும்.

மாருதி 800 முதலில் சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். 796 சிசி, மூன்று சிலிண்டர். 2000-ஐ ஒட்டி எம்பிஎஃப்ஐ எனும் மின்னணு எரிபொருள் தெளிப்பு முறை வரும்வரை பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர்தான். அது நம் பக்கத்துச் சரக்கும்கூட. ஜப்பானின் மிக்குனி நிறுவனத்துடன் கைகோத்து 1985-இல் தொடங்கப்பட்ட யூகால், தாம்பரத்துக்குத் தெற்கே மறைமலைநகரில் அதைத் தயாரித்தது. அதற்கும் முன்பே பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் உருவான வட்டாரம் இது.

கார்புரேட்டருக்குள் மின்சார மூளை எதுவும் கிடையாது. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று உள்ளே இழுபடுகிறது. வழியில் ஒரு குறுகலான கழுத்து. அதைக் கடக்கும் காற்றுக்கு வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்தக் குறைவுதான் பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஜெட் எனும் நுண்துளை வழியாக உறிஞ்சி எடுக்கிறது. கிண்ணத்தில் மட்டம் ஏறினால் மிதவை உயர்ந்து, ஊசி வால்வு வழியை அடைக்கும். ஓடும்போது பெரிய ஜெட், ஐடிலில் நிற்கும்போது பைலட் ஜெட். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவுதான். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கணக்கு முழுவதும் இந்தத் துளைகளை நம்பித்தான் நிற்கிறது.

நிற்கும் வண்டியில் கிண்ணத்துப் பெட்ரோலின் லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். மிஞ்சியது காற்றோடு வினைபுரிந்து பிசினாகும். திறந்து பார்த்தால் கிண்ணத்தின் அடியில் காய்ந்த கருப்பட்டிப் பாகு போலப் பழுப்பாக ஒட்டியிருக்கும். புது பெட்ரோல் வாசனைக்குப் பதிலாகப் புளித்த வார்னிஷ் நெடி அடிக்கும்.

இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 2022-இல் நாடு பத்து சதவீதக் கலப்பை எட்டியது; 2025-இல் இருபது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பள்ளிக்கரணை சதுப்பும் நாராயணபுரம் ஏரியும் அருகே இருக்கும் நம் பகுதியில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பாதி காலியாக நிற்கும் டேங்கில் ஈரம் ஒரு அளவைத் தாண்டினால், நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் டயாஃப்ரம்களும் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதோடு எத்தனால் எரிய ஒன்பது பங்கு காற்றே போதும் என்பதால், அன்றைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட்டில் கலவை சற்று மெலிந்துவிடும்.

அதனால் முதல் சோதனை டேங்குக்கு. அருகில் நெருப்போ பீடியோ இல்லாத திறந்த இடத்தில், கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் டேங்கைக் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கழுவிய கார்புரேட்டருக்குள் அதே அழுக்கு மறுபடி போய்ச் சேரும்.

பேட்டரியையும் ஸ்பார்க்கையும் பார்க்காமல் பெட்ரோலைக் குறை சொல்லவும் கூடாது. முழு சார்ஜில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தால் செல்ஃப் சோம்பும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்து வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்து கறுப்பாக இருந்தால் அதிகம் வருகிறது. பாயின்ட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர் என்றால், ஈரத்தில் அந்தப் பாயின்டில் மாசு படிந்திருக்கும். நீண்ட நாள் நின்ற வண்டி என்றால், பிளக் கழற்றிய ஓட்டையில் துளி இன்ஜின் ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றிவிட்ட பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பார்க்கவும் மறக்காதீர்கள். எலிக்கு அது நல்ல வீடு.

இனி கார்புரேட்டர். சோக்கை இழுத்தால் ஸ்டார்ட் ஆகி, தள்ளியதும் அணைந்தால் பைலட் ஜெட்டைச் சந்தேகியுங்கள். சோக் கலவையைக் கெட்டியாக்கி அந்த அடைப்பை மறைத்துக்கொண்டிருந்தது. ஐடில் நன்றாக நின்று, மிதித்ததும் ஒரு கணம் விக்கினால் ஆக்சிலேட்டர் பம்ப் டயாஃப்ரம் இறுகிப் போயிருக்கும். கறுப்புப் புகையும் பெட்ரோல் நெடியும் வந்தால் ஊசி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், சோக் முழுதாகத் திரும்பாமலும் இருக்கலாம். ஐடில் ஏறி இறங்கி அலைந்தால் கேஸ்கெட்டிலோ வெடித்த வேக்கம் குழாயிலோ ‘ஏர் பிடிக்கிறது’. காது கொடுத்தால் சீறல் கேட்கும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தால், மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டவே கூடாது.

சுத்தம் செய்யும் வேலையில்தான் நிறையக் கார்புரேட்டர்கள் பாழாகின்றன. ஜெட் பித்தளையால் ஆனது. குண்டூசி விட்டுக் குத்தினால் துளை கண்ணுக்குத் தெரியாமல் விரியும்; பிறகு எந்த டியூனிங்கும் பலிக்காது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிடிவாதமான அடைப்புக்கு மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு போதும். ரப்பர் பாகங்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளீனர் அடிக்க வேண்டும். இன்னொரு பழக்கத்தை அடியோடு விட வேண்டும்: கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிப்பது. இன்ஜின் பின்னடித்தால் தீ முகத்துக்கு வரும்.

மாட்டியபின் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, மிக்சர் ஸ்குரூவை மெல்ல உள்ளே திருப்புங்கள். இன்ஜின் தடுமாறத் தொடங்கும். அங்கிருந்து மெதுவாக வெளியே திருப்பி, ஓட்டம் ஒரே சீராக ஏறும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ஐடில் ஸ்குரூ.

மறுபடி நிறுத்தி வைப்பதாக இருந்தால், வாரம் ஒருமுறை மேடவாக்கம் வரைக்குமாவது ஓட்டுங்கள். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவதால் பயன் குறைவு. எக்ஸாஸ்டில் ஈரம் தங்கும், பேட்டரியும் போதிய அளவு சார்ஜ் ஆகாது. மாதக்கணக்கில் வெளியூர் போகிறீர்கள் என்றால், இன்ஜின் ஆறிய பிறகு பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றி, முனையை நன்றாக அடைத்து, சிந்தியதைத் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கிண்ணத்துப் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக அணையும். பிசினாவதற்கு அங்கே பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது.