பிந்தி வருவோர்க்குரிய வாயில்

பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டானது கல்வியின் ஓர் உறுப்பாக நடைபெறுகின்றது. அதே விளையாட்டு வெளியுலகை அடைந்ததும் ஊதியம் தரும் தொழிலாகின்றது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள எல்லையை ஒரு மாணவன் எந்த வயதில், எத்தகைய தகுதியோடு, எந்த நாளுக்குள் கடக்கலாம் என வரையறுப்பனவே தகுதி விதிகள். குறித்த நாளில் வந்து நிற்பவனைப் பற்றி விதி செய்தல் எளிது. நாள் கழிந்தபின் வருபவனைப் பற்றி விதி செய்தல் அரிது. அவனை முற்றாக விலக்கினால் அநீதி நேரலாம். தடையின்றி ஏற்றால் நாள் குறித்ததே வீணாகும். இச்சிக்கலை இரு பெரும் விளையாட்டு அமைப்புகள் தீர்க்க முயன்ற வகையும், அதனால் யாழ்ப்பாணத்து மாணவன் பெறத்தக்க பயனும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் ஐக்கிய அமெரிக்காவை நோக்குவோம். அந்நாட்டார் உதைபந்தாட்டம் என வழங்குவது நம் நாட்டு உதைபந்தாட்டத்தின் வேறானது. முட்டை வடிவான பந்தைப் பெரும்பாலும் கையால் ஏந்தியும் எறிந்தும் ஆடப்படுவது. அவ்வாட்டத்தின் தேசிய லீக்கில் 32 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் இவை ஒன்றுகூடிப் பல்கலைக்கழக வீரரை ஏழு சுற்றுகளில் தெரிவுசெய்கின்றன. முந்திய பருவத்தில் மிகத் தாழ்ந்த நிலையடைந்த அணிக்கே முதல் தெரிவுரிமை உண்டு. வலியவை மேலும் வலிமை பெறாது, மெலிந்தவை தேறுதல் வேண்டும் என்பதே இவ்வொழுங்கின் கருத்து.

இத்தெரிவுக்கு வர விரும்புபவன் உயர்தரப் பாடசாலையை விட்டு மூன்று ஆண்டுகளாவது கழிந்திருத்தல் வேண்டும். பட்டப்படிப்பு முடியுமுன் வர நினைப்பவன் அதனை ஜனவரி மாதத்திலேயே அறிவித்துவிடல் வேண்டும். இதற்குக் கூறப்படும் காரணங்கள் இரண்டு: முரட்டுத்தனம் மிகுந்த இவ்வாட்டத்தை வளர்ந்த ஆடவரோடு ஆட இளைஞனின் உடல் முதிர்ந்திருத்தல் வேண்டும் என்பது ஒன்று, அவன் கல்வியை அரைகுறையில் விட்டுவிடலாகாது என்பது மற்றொன்று. செலவின்றிப் பயிற்சி பெற்ற வீரரைப் பெறுவதற்கே அணிகள் இவ்விதியை விரும்புகின்றன என்று கூறுவோரும் உளர். அவர் கூற்றையும் முற்றாகத் தள்ளிவிடுதல் இயலாது.

நிற்க, ஏப்ரல் கழிந்தபின் ஒரு மாணவனின் நிலை மாறிவிட்டால் யாது செய்வது? பல்கலைக்கழக விதிகளின்படி அடுத்த பருவத்தில் ஆடும் தகுதியை அவன் இழந்திருக்கலாம். அல்லது ஒழுக்க நடவடிக்கை காரணமாக விலக்கப்பட்டிருக்கலாம். அடுத்த ஏப்ரல் வரையும் அவனுக்கு ஆடுகளமே இல்லை. இத்தகையோர்க்காகவே 1977ஆம் ஆண்டு முதல் மேலதிகத் தெரிவு என்னும் துணை ஏற்பாடு வழக்கில் வந்தது. இது பெரும்பாலும் கோடையில், பருவம் தொடங்குமுன் நடைபெறும். அணிகள் கூடி வரிசையாகத் தெரிவதற்குப் பதிலாக, குறித்த வீரனுக்கு எந்தச் சுற்றின் உரிமையைக் கொடுக்க ஆயத்தம் என்பதை ஒவ்வோர் அணியும் எழுதி அறிவிக்கும். மிக உயர்ந்த சுற்றைக் குறித்த அணிக்கே வீரன் உரியவனாவான். ஆயின் அவ்வணி அடுத்த ஆண்டுத் தெரிவில் அதே சுற்றின் உரிமையை இழக்கும். பிந்தி வந்தவனைப் பெறுவோர் அதற்கொரு விலை கொடுத்தேயாக வேண்டும் என்னும் இந்த ஏற்பாடு மிகவும் நுட்பமானது.

துணை வாயில் ஒன்று இருப்பின் தலைவாயிலைத் தவிர்ப்பதற்காக அதனை நாடுவோரும் தோன்றுவர். 1985இல் மயாமிப் பல்கலைக்கழக வீரர் பேர்ணி கோசார், தம் பட்டப்படிப்பை விரைந்து முடித்து, ஏப்ரல் தெரிவில் கலவாது மேலதிகத் தெரிவுக்கு வந்தார். அதன் முதல் உரிமையைப் பபலோ அணியிடமிருந்து முன்னரே பெற்றிருந்த கிளீவ்லாந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. தம் ஊரை அண்டிய அவ்வணியில் ஆடுவதே அவர் விருப்பம். விதியை அவர் மீறினாரல்லர். விதியில் இருந்த இடைவெளியைப் பயன்படுத்தினார். இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னர், ஆண்டுத் தெரிவைத் தவிர்க்கும் நோக்கோடு எவரும் துணை வாயிலை நாடலாகாது என விதி இறுக்கப்பட்டது. இன்று அவ்வழியாகச் செல்வோர் மிகச் சிலரே. 2019இல் ஒருவர் தெரிவுசெய்யப்பட்டார். 2020 முதல் 2022 வரை அத்தெரிவு நடைபெறவில்லை. 2023இல் நடைபெற்றபோது எவரையும் எந்த அணியும் ஏற்கவில்லை.

விதியோடு வழக்காடியோரின் கதை இன்னும் கருதத்தக்கது. ஓகாயோ மாநிலப் பல்கலைக்கழக வீரர் மொறிஸ் கிளாரெற், மூன்றாண்டு விதி செல்லாதென நீதிமன்றம் சென்றார். 2004 பெப்ரவரியில் கீழ் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதனை நம்பித் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக வீரர் மைக் வில்லியம்சும் தெரிவுக்கு வருவதாக அறிவித்து, முகவர் ஒருவரையும் அமர்த்திக்கொண்டார். பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வில்லியம்சுக்குத் தொழில்முறை வாயில் அடைபட்டது. முகவரை அமர்த்தியமையால் மாணவ வீரர் என்னும் தகுதியும் போயிற்று. மீளச் சேர்க்குமாறு அவர் விடுத்த வேண்டுகோளும் ஏற்கப்படவில்லை. ஓராண்டு முழுவதும் அவர் எக்களத்திலும் ஆடாதிருந்து, 2005 தெரிவிலேயே இடம்பெற்றார். இறுதித் தீர்ப்பு வருமுன் பழைய இடத்தை விட்டு நீங்கிய மாணவனுக்குப் பின்வழியும் முன்வழியும் ஒருங்கே மூடின. மாணவர் ஊன்றி நினைக்கவேண்டிய செய்தி இதுவாகும்.

இனி, நமக்கு அண்மையிலுள்ள துடுப்பாட்டத்திற்கு வருவோம். 2008இல் தொடங்கிய இந்திய பிரீமியர் லீக் ஏலத்தின் மூலம் வீரரைச் சேர்க்கின்றது. 19 வயது நிரம்பாத இந்திய வீரன், முதல்தரப் போட்டியொன்றிலாவது மட்டுப்படுத்திய ஓவர்களைக் கொண்ட உயர்தர உள்நாட்டுப் போட்டியொன்றிலாவது ஆடியிருத்தல் வேண்டும் என்பது விதியாயிருந்தது. 2022இல் இளையோர் உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியினர் சிலர்க்கு இவ்விதி இடையூறாயிற்று. கொரோனாத் தொற்றினால் 2020-21 பருவத்து ரஞ்சிக் கிண்ணப் போட்டிகளே கைவிடப்பட்டிருந்தன. நடைபெறாத போட்டியில் ஆடவில்லை என்பதற்காக ஒருவனைத் தகுதியற்றவன் எனல் எங்ஙனம் பொருந்தும்? மறுபுறம், 2024 ஜனவரியில் பன்னிரண்டு வயதிலேயே பீகார் மாநிலத்துக்காக ரஞ்சிப் போட்டியில் ஆடிவிட்ட வைபவ் சூரியவன்சி, அவ்வாண்டு நவம்பர் ஏலத்தில் பதின்மூன்று வயதினராய் 1.10 கோடி இந்திய ரூபாவுக்கு எடுக்கப்பட்டார். விதி நோக்கியது வயதின் முதிர்ச்சியை அன்று, பதிவேட்டையே என்பது இவ்விரண்டாலும் புலனாகும்.

இந்த லீக்கிலும் துணை வாயில் ஒன்றுண்டு. ஏலத்தில் எடுக்கப்பட்ட வீரர் காயமுற்றால் அவரிடத்தில் மாற்று வீரர் ஒருவரைச் சேர்க்கலாம். மாற்று வீரரின் ஊதியம் முன்னவருடையதை விஞ்சலாகாது. யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் சென்றது இவ்வாயிலாலேயே. 2001 டிசம்பர் 5ஆம் நாள் பிறந்த இச்சுழற்பந்து வீச்சாளர், 2020 டிசம்பர் 4ஆம் நாள், பத்தொன்பது வயது நிரம்ப ஒருநாள் இருக்கையில், லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காகக் களமிறங்கினார். 2024இல் குதிக்கால் உபாதையால் வனிந்து ஹசரங்க விலகியபோது, சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணி அவரிடத்தில் வியாஸ்காந்தை 50 இலட்சம் இந்திய ரூபாவுக்குச் சேர்த்தது. மே 8ஆம் நாள் லக்னோ அணிக்கெதிராக நான்கு ஓவர்களில் 27 ஓட்டங்களை மட்டுமே கொடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அக்களத்தை மிதித்த முதல் வீரர் அவரே. ஏலத்தின் கதவு மூடிய பின்னரும் வேறொரு கதவு விதிப்படி திறந்திருந்தமையால் இது கைகூடியது.

2024 செப்ரெம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளும் குறிப்பிடத்தக்கவை. பெரிய ஏலத்திற்குப் பதியாத வெளிநாட்டு வீரர் அடுத்த ஆண்டு ஏலத்திற்குப் பதியலாகாது. ஆயின் காயமோ நோயோ காரணமென அவர் நாட்டுச் சபை உறுதிப்படுத்தினால் விலக்குண்டு. ஏலத்தில் எடுக்கப்பட்டபின் தக்க காரணமின்றி விலகுவோர்க்கு ஈராண்டுத் தடை. தானே காலந்தாழ்த்தியவன் ஒருவன், காலந்தாழ்த்தப்பட்டவன் வேறொருவன். இவ்வேறுபாட்டை விதி எழுத்திலேயே ஏற்றுக்கொண்டமை பாராட்டுக்குரியது.

இவ்வேறுபாடு யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் எத்தனையோ மாணவரின் ஆண்டுகள் கழிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது, பாடநூலோடு பந்தும் மட்டையும் கைவிடப்பட்டன. அண்மையிலும் 2021க்குரிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022க்குரியது 2023 ஜனவரியிலும் தொடங்கின. மாணவன் பாடசாலையில் இருக்கும் காலம் இவ்வாறு நீள்கின்றது. 19 வயதுக்குட்பட்டோர் என்னும் எல்லையோ நாட்காட்டியை மட்டும் நோக்குவது. தனியே விலக்களித்தாலன்றிப் பரீட்சை தள்ளிப்போனமையை அவ்வெல்லை அறியாது.

ஆகவே, பிந்தி வருவோர்க்குரிய வாயில் எவ்வாறு அமைதல் வேண்டும்? முதலாவதாக, அது முன்னரே எழுதி அறிவிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒருவர்க்காகத் திறந்து மற்றொருவர்க்காக மூடுவது சலுகையேயன்றி நீதியாகாது. இரண்டாவதாக, தாமதத்தின் காரணத்தை நிறுவும் பொறுப்பு வீரனோடு அவன் பாடசாலைக்கும் சபைக்கும் உரியதாதல் வேண்டும். மூன்றாவதாக, தலைவாயிலைத் தவிர்க்க விரும்புவோர்க்கு இலாபம் தராதவாறு அதற்கொரு விலை இருத்தல் வேண்டும். நான்காவதாக, முயன்று தோற்றவன் படிப்பிற்குத் திரும்பும் வழி மூடப்படலாகாது. அமெரிக்க விதி மூன்றாவதைச் செவ்வனே செய்தது. நான்காவதில் வில்லியம்சைக் கைவிட்டது. இந்திய விதி இரண்டாவதைப் பிந்தியேனும் ஏற்றது.

விதிகள் சீர்ப்படுமளவும் காத்திராது ஆசிரியர் செய்யத்தக்கன சில உள. மாணவ வீரன் ஆடிய போட்டிகளின் நாள், இடம், ஓட்டம், இலக்கு ஆகியவற்றைப் பாடசாலைப் பதிவேட்டில் ஒழுங்காகப் பேணுதல் வேண்டும். பிந்திய நாளில் அப்பதிவே அவனுக்குச் சான்றாகும். முகவரோடோ அணியோடோ எவ்வித உடன்படிக்கையிலும் ஒப்பமிடுமுன், அதனால் மாணவத் தகுதிக்கு யாது நேரும் என்பதைப் பெற்றோரோடு கூடி வாசித்தறிதல் வேண்டும். நாள் குறித்தல் விதியின் கடமை; அந்நாளை ஒருவன் எதனால் தவறவிட்டான் என வினவுதல் விதியை நடத்துவோர் கடமை. அவ்வினா எழும்போது விடையளிக்கத்தக்க ஆவணத்தோடு மாணவனை அனுப்பிவைத்தல் கல்லூரியின் கடமையாகும்.