உப்புண்ட மண் உயிர் பெற்றது

கரிசற் காட்டு மக்களாகிய நமக்கு மண்ணின் நோவு புதியதன்று. வானம் பொய்த்தால் நிலம் வெடிக்கும். பெருமழை பெய்தால் மேல்மண் ஓடையோடு போகும். ஆனால் கடலே ஏறி வந்து வயலை மூடினால் உழவன் என் செய்வான்? நாகப்பட்டினத்து விவசாயிகள் இதற்கு விடை கண்டார்கள். அவ்விடை சாத்தூர், சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தவராகிய நமக்கும் பயன்படும்.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, வேளாங்கண்ணி முதலிய கடற்கரை ஊர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு போயிற்று. தப்பியவர்களின் வயல்களில் உப்புநீரையும் கடற்சேற்றையும் விட்டுச் சென்றது. உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டுக்கோப்பைக் குலைத்து, துளைகளை அடைத்துவிடும். நீர் கீழிறங்காது; வேருக்குக் காற்றும் கிட்டாது.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் போன்றோர் உழவருக்குத் துணை நின்றனர். வயலில் படிந்த சேற்றை அகற்றினர். பள்ளம் வெட்டி, பனையோலையும் மரக்கிளையும் தழையும் இட்டு நிரப்பினர். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதனர். தொழுவுரமும் மட்குரமும் சேர்த்தனர். தழை மட்க மட்க மண் பொலபொலப்பாயிற்று. மழைநீர் உள்ளிறங்கி உப்பைக் கரைத்துச் சென்றது. 2005-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தாராளமாகப் பெய்ததும் பேருதவியாயிற்று. உரம் மட்டும் உப்பை விழுங்கிவிடாது. மழையும் வடிகாலும் உடன் வேண்டும் என்பதை நாம் மறத்தலாகாது.

2023 டிசம்பரில் அண்டை மாவட்டமாகிய தூத்துக்குடியைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. இத்தகைய அழிவு நமக்கும் தொலைவில் இல்லை. அப்போது ஒடிந்து கிடக்கும் கிளைகளையும் அழுகிய பயிரையும் எரித்துவிடுதல் அறியாமை. அவற்றைச் சிறிதாக நறுக்கி, குழியில் அடுக்கடுக்காக இட்டு, சாணக்கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் அவ்வப்போது புரட்டி வந்தால், சில மாதங்களில் நல்ல உரமாகும். நம்மூரில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலின் தழையும் இதற்கு உதவும். காய்களை மட்டும் விலக்க வேண்டும்; இல்லையேல் உரமிட்ட வயலெங்கும் கருவேலே முளைக்கும்.

பட்டாசுத் தொழில் நடக்கும் நம் வட்டாரத்தில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. வெடித்த பட்டாசின் குப்பையும் மருந்து படிந்த தாளும் குழியில் விழலாகாது. அவற்றிலுள்ள பேரியம் போன்ற உலோகங்கள் மட்கி மறைவன அல்ல; மண்ணிலேயே தங்கிவிடும். நம் பிள்ளைகள் உண்ணும் சோறு அந்த மண்ணிலிருந்துதானே வருகிறது?

ஆகவே, அடுத்த மழைக்கு முன்பே வீட்டுக்கு ஒரு மட்குக் குழி வெட்டுவோம்.