காட்டில் ஓர் இரவு, காலையில் கணித பாடம்

சென்ற மாதம் கிழக்கு இலண்டனில் வசிக்கும் நண்பர் ஒருவர், தம் மகளின் பாடசாலையிலிருந்து வந்த கடிதமொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பிரெஞ்சு மொழி கற்கும் மாணவர்களைப் பிரான்ஸ் நாட்டுக் கிராமப்புறம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லவிருப்பதாகவும், அங்கே ஒவ்வொரு மாணவரும் ஒரு குடும்பத்தினருடன் ஒரு வாரம் தங்க வேண்டுமென்றும் கடிதம் கூறியது. நண்பருக்கு இந்நாட்டில் நிரந்தர வதிவிட உரிமை இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே பிரயாணப் பத்திரம், விசா என்பன பற்றியே கேட்கப் போகிறார் என எண்ணினேன். அவர் கேட்டது வேறு.

"சேர், முன்பின் தெரியாத வீட்டிலை பிள்ளையை எப்பிடி விடுறது? என்ன சாப்பாடு குடுப்பினம், எப்பிடிப் பாப்பினம் எண்டு ஆருக்குத் தெரியும்?"

முன்பின் தெரியாதவர்களின் வீடுகளில் தங்கித் தங்கியே இந்த நகரம்வரை வந்து சேர்ந்த மனிதர் அவர். அதை நான் அவருக்கு நினைவூட்டவில்லை. எனக்கு என் நினைவு வந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது நான் பாடசாலை மாணவன். மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்த எங்கள் குடும்பத்தை மட்டுவிலில் ஒரு வீட்டார் ஏற்றுக்கொண்டனர். எங்களுக்கும் அவர்களுக்கும் எந்த உறவும் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தேடிக் களைத்த காலம். ஜாம் போத்தலில் திரிபோட்டுச் செய்த விளக்கு அவ்வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இரவில் எரியும். அந்த வீட்டு அம்மா அதை எடுத்துவந்து என் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தாம் அடுப்பு வெளிச்சத்தில் சமைப்பார். எங்களுக்குக் கிடைத்த சோற்றைவிட அந்த விளக்கே இன்று என் மனதில் நிற்கிறது.

இதை எண்ணிக்கொண்டிருந்தபோது, பிரான்சின் கிராமப்புறத்தில் அந்நியர் வீட்டில் தங்கிப் படித்த வேறொரு மாணவனின் கதை நினைவுக்கு வந்தது. நண்பருக்கு அதைச் சொன்னேன். வாசகர்களுக்கும் சொல்லலாம் எனத் தோன்றியது.

பிரான்சின் தென்மத்திய பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில், லு ஷம்போன் சூர் லின்யோன் என்றொரு கிராமம் உண்டு. கருங்கல் வீடுகள், பைன் மரக்காடுகள், சிறிய பண்ணைகள். குளிர்காலத்தில் 'பூர்ல்' எனப்படும் வடகாற்று பனியை வாரியடித்துப் பாதைகளை மூடிவிடும். கத்தோலிக்க நாடான பிரான்சில் இந்த மேட்டுநிலத்து மக்களுட் பெரும்பாலோர் புரட்டஸ்தாந்தர். 1685இல் பதினான்காம் லூயி மன்னன் நாந்த் சாசனத்தை நீக்கி அவர்களது வழிபாட்டைத் தடைசெய்தபோது, இவர்களுடைய முன்னோர் காடுகளிலும் களஞ்சியங்களிலும் ஒளித்து வழிபட்டவர்கள். அரசாங்கம் தேடுகின்ற மனிதனை எங்கே மறைப்பது என்பது அவ்வூரில் பரம்பரை அறிவு.

இன்னொரு பழக்கமும் அவர்களிடம் இருந்தது. 1893 முதல் லூயி கோம்த் என்னும் போதகர், சுரங்கப் புகையும் ஆலைப் புகையும் சூழ்ந்த சென்ற் எத்தியென் நகரத்துத் தொழிலாளர் பிள்ளைகளை, நல்ல காற்றுக்காக இப்பண்ணை வீடுகளில் தங்கவைத்து வந்தார். ஆகவே ஊருக்குப் புதிய பிள்ளை ஒன்று அடுப்படியில் உட்கார்ந்து சூப் குடிப்பது அங்கே யாருக்கும் வியப்பளிக்கும் காட்சியன்று. இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. அக்கிராமத்தவரைப் புனிதர்களாகவும் மாவீரர்களாகவும் எழுதுவோர் பலர். விருந்தோம்பல் அவர்களுக்குப் பழக்கமாயிருந்தது என்பதே எனக்குக் கூடுதலாகப் பிடித்த விளக்கம்.

1938இல் அங்கே ஆந்திரே துரொக்மே, எதுவார் தெய்ஸ் என்னும் இரு போதகர்கள் ஓர் உயர்நிலைப் பாடசாலையை ஆரம்பித்தனர். பின்னாளில் கொலேஜ் செவெனோல் எனப் பெயர் பெற்றது இதுவே. தொடக்கத்தில் அதற்குத் தகுந்த கட்டடமில்லை. கிராமத்தில் கிடைத்த அறைகளிலெல்லாம் வகுப்புகள் நடந்தன. மாணவர்களும் சிலரே. போர் வந்தது. 1940 யூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. விஷி அரசு யூதர்களைத் தேடத் தொடங்கியது. அந்தக் காலத்தில் இந்தப் பாடசாலை வளர்ந்தது. காரணம், அகதிப் பிள்ளைகள் மேட்டுநிலத்துக்கு வந்துகொண்டேயிருந்தனர். அகதியாக வந்த ஆசிரியர்களும் அங்கே கற்பித்தனர்.

1942இல் அங்கு வந்து சேர்ந்தவர்களுள் ஒருவன் அலெக்சாந்தர் குரோத்தென்டீக் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன். 1928இல் பேர்லினில் பிறந்தவன். தந்தை ரஷ்ய யூதர், தாய் ஜேர்மன் பெண்மணி. இருவரும் அரசுகளை ஏற்காத புரட்சியாளர்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் பெற்றோர் பிரான்சுக்குச் செல்ல, பிள்ளை ஹம்பேர்க்கில் ஒரு போதகரின் குடும்பத்துடன் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்தான். 1939 மே மாதத்தில் அவர்கள் அவனைப் பாரிசுக்குப் புகையிரதமேற்றி அனுப்பிவைத்தனர். சில மாதங்களில் போர். தந்தை முகாமில் அடைக்கப்பட்டு, 1942இல் அவுஷ்விற்சில் கொல்லப்பட்டார். தாயும் மகனும் மோந்த் நகருக்கு அருகிலிருந்த ரியூக்ரோ முகாமில் அடைக்கப்பட்டனர்.

அந்த முகாமிலிருந்து நகரத்துப் பாடசாலைக்கு நாலைந்து கிலோமீற்றர். பனியிலும் காற்றிலும், எப்போதும் ஈரமூறும் சப்பாத்துடன் தான் நடந்துபோனதைப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். வட்டம் என்பது ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்திலுள்ள புள்ளிகள் யாவும் சேர்ந்தது என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பாடசாலை ஆசிரியர் அல்லர். முகாமில் உடனிருந்த பெண் கைதி ஒருவர். முட்கம்பிக்குள்ளிருந்து கற்ற அந்த வரைவிலக்கணத்தின் தெளிவு தன்னை ஆட்கொண்டது என்கிறார். பாடசாலையிலோ, ஒரு கேத்திரகணித நிறுவலைப் புத்தகத்தில் உள்ளபடி செய்யவில்லை என்று குறைந்த புள்ளி கிடைத்தது. விரிவுரையாளனாக இருந்த நாட்களில் நானும் எத்தனை பேருக்கு அப்படிப் புள்ளியைக் குறைத்தேனோ, அறியேன்.

லு ஷம்போனில் அவன் தங்கிய வீட்டின் பெயர் 'லா கெஸ்பி'. சுவிஸ் சிறுவர் உதவி அமைப்பு 1941 மே மாதத்தில் அங்கு திறந்த முதலாவது விடுதி. அதை நடத்தியவர் யூலியெத் உசாக் என்னும் பெண் வைத்தியர். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசு தோற்றபின் பார்சிலோனாவிலிருந்து எல்லை கடந்து வந்த அகதி அவர்.

நண்பர் இவ்விடத்தில் என்னை நிறுத்தினார். "அப்ப, வைச்சுப் பாத்த மனிசியும் அகதியோ?" என்றார். ஆம் என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை.

அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது? காலையில் கிராமத்துக்குள் நடந்து வகுப்புக்குப் போதல். மொழிப் பாடம், கணித பாடம். போதகரின் மனைவி மக்தா துரொக்மே அங்கே இத்தாலிய மொழி கற்பித்தார். மாலையில் விடுதிக்குத் திரும்பினால் வீட்டுப்பாடம். பங்கீட்டு அட்டைக்குக் கிடைப்பதைக்கொண்டு உணவு. பெயர் மாற்றிய பிள்ளைக்குப் பொய்ப்பெயரில் பங்கீட்டு அட்டையும் வேண்டும். அவ்வேலையைச் செய்தவர்களுள் முக்கியமானவர் ஒஸ்கார் ரொசோவ்ஸ்கி என்னும் இளைஞர். யூதராகையால் மருத்துவம் படிக்க இயலாதுபோன அவர், ஒரு பண்ணையில் தங்கியிருந்து இரவுகளில் பத்திரங்களைத் தயாரித்தார். கருவிகளையும் தாள்களையும் பண்ணைக்காரரின் தேனீப் பெட்டிகளுக்குள் மறைத்துவைத்தனர். தேனீக் கூட்டுக்குள் எந்தப் பொலிஸ்காரன் கைவிடுவான்? போருக்குப்பின் ரொசோவ்ஸ்கி மருத்துவரானார். ஒரு தாளின் பெறுமதியையும் அதன் ஆபத்தையும் எம்மவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சில மாலைகளில் வீட்டுப்பாடம் தடைப்படும். தேடுதல் வரப்போகிறது என்ற தகவல் கிடைக்கும். போதகர் இல்லத்துக்குப் பெயர் சொல்லாத யாரோ தொலைபேசியில் அறிவிப்பதுமுண்டு. உடனே பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து காட்டுக்குள் சென்று, ஓரிரு இரவுகள் மறைந்திருப்பர். தங்கள் உயிரே அதில் தங்கியிருக்கிறது என்பது அப்போது சரியாக விளங்கவில்லை என்று குரோத்தென்டீக் நினைவுகூர்கிறார். ஆபத்து நீங்கியதும் திரும்பிவந்து, மீண்டும் வகுப்பு. கணித பாடம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஒளித்துவைப்பதோடு நின்றிருந்தால் அவ்வூரார் உயிர்களைக் காத்தவர்கள் மட்டுமே. காட்டிலிருந்து வந்த பிள்ளையிடம் கணக்கைச் செய்தாயா என்று கேட்டார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாளை உயிரோடிருப்பானோ என்று தெரியாதவனை ஆண்டிறுதிப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவது அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் பரீட்சை உண்டு என்றால் நாளையும் உண்டு என்பதைப் பிள்ளை அறியும். இடம்பெயர்ந்த காலத்தில் மரநிழலில் வகுப்பு வைத்த எங்கள் ஆசிரியர்களும் இதை அறிந்தே செய்தனர்.

மாணவர்களும் வாய்மூடி இருக்கவில்லை. 1942 ஓகஸ்ட் 10ஆம் நாள் விஷி அரசின் இளைஞர் விவகாரப் பொறுப்பாளர் லாமிரான் கிராமத்துக்கு வந்தார். அதற்கு முந்திய மாதம் பாரிசில் யூதக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் சுற்றிவளைத்துப் பிடிக்கப்பட்டிருந்தன. மூத்த மாணவர்கள் அதைக் கண்டித்து எழுதிய கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனர். அம்மாதம் முடிவதற்குள் பொலிசார் பஸ் வண்டிகளுடன் வந்து வாரக்கணக்கில் தேடினர். பெருந்தொகையானோரை ஏற்றிச்செல்ல வந்த வண்டிகளுக்கு ஓரிருவரே அகப்பட்டனர்.

எல்லா நாளும் அப்படி முடியவில்லை. 1943 யூன் 29ஆம் நாள் காலை, பல்கலைக்கழக வயது மாணவர்கள் தங்கியிருந்த 'மேசோன் தே ரொஷ்' விடுதியைக் கெஸ்ராப்போவினர் சுற்றிவளைத்தனர். பதினெட்டு மாணவர்கள் பிடிபட்டனர். விடுதிக்குப் பொறுப்பாயிருந்த தானியேல் துரொக்மே அப்போது வேறொரு விடுதியில் இருந்தார். தப்பிச்செல்ல அவருக்கு நேரமிருந்தது. தம் மாணவர்களிடம் போனார். அவர்களுடன் கொண்டுசெல்லப்பட்டு, 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார். ஆசிரியத் தொழில் செய்த எவரும் இந்த வரிகளை விரைந்து கடந்துவிட இயலாது.

மேட்டுநிலத்தில் காப்பாற்றப்பட்டோரின் தொகை பற்றி வரலாற்றாசிரியரிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை. இஸ்ரேலின் யாட் வஷேம் நிறுவனம் 1990இல் அக்கிராமத்தையும் அயற்கிராமங்களையும் ஒருசேரக் கௌரவித்தது. 2013இல் அங்கே ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. கொலேஜ் செவெனோல் 2014இல் மூடப்பட்டுவிட்டது.

குரோத்தென்டீக் அங்கிருந்து பரீட்சையில் தேறி, 1945இல் தாயுடன் மொன்பெலியே நகருக்கு அருகே குடியேறினார். நீளம், பரப்பளவு, கனவளவு என்பவற்றுக்குப் பாடப்புத்தகங்களில் ஒழுங்கான வரைவிலக்கணம் இல்லையே என்ற மாணவப் பருவத்து மனக்குறையைத் தாமே தனித்திருந்து தீர்த்துக்கொண்டார். 1966இல் கணிதத்துக்கான பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய கணித மேதைகளுள் ஒருவரெனப் போற்றப்பட்ட அவர், 1971வரை நாடற்றவராகவே இருந்தார். அவர் பாரிசில் இயற்கணிதக் கேத்திரகணிதத்தை மாற்றியமைத்துக்கொண்டிருந்த 1950களின் பிற்பகுதியில், சென்னை லொயோலாக் கல்லூரியில் சார்ள் ரசீன் என்னும் பிரெஞ்சு யேசுசபைத் துறவியிடம் பயின்ற இரு தமிழ்நாட்டு இளைஞர்கள், காஞ்சிபுரத்துச் சேஷாத்ரியும் தண்டரையில் பிறந்த நரசிம்மனும், அதே பாரிசில் படித்துக்கொண்டிருந்தனர். இருவரும் பின்னர் உலகறிந்த கணித அறிஞர்களாயினர். எம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிவைக்கலாம்.

நான் நண்பருக்குச் சொல்ல விரும்பியது பதக்கத்தின் கதையன்று. குரோத்தென்டீக் பின்னாளில் புகழையும் பதவியையும் உதறிவிட்டுத் தென்பிரான்சின் ஒரு சிற்றூரில் வாழ்ந்தார். அவ்வீட்டுக்கு வருவோர் பலர். அவர்களுள் யப்பானியப் பௌத்த பிக்கு ஒருவரும் இருந்தார். அவரது வதிவிடப் பத்திரங்கள் காலாவதியாகியிருந்தன. 1977இல் குரோத்தென்டீக் மீது வழக்குத் தொடரப்பட்டது. முறையான பத்திரமில்லாத அந்நியருக்கு இலவசமாக உறைவிடமும் உணவும் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. வழக்குக்கு அடிப்படையான கட்டளைச்சட்டம் 1945 நவம்பர் 2ஆம் நாளைய சட்டம். மேட்டுநிலத்து வீட்டார் அவரை மறைத்துவைத்திருந்த காலம் முடிந்து ஓராண்டுதான் கடந்திருந்தது, அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது. அவர் எழுபதுகளில் செய்தது, உசாக் அம்மையார் நாற்பதுகளில் அவருக்குச் செய்ததே. நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வந்தது அவருக்கு.

மனிதாபிமான நோக்கில் பிறருக்கு உதவும் சுதந்திரம், உதவி பெறுபவரிடம் பத்திரம் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்ததன்று எனப் பிரான்சின் அரசியலமைப்புச் சபை 2018 யூலை 6ஆம் நாள் தீர்ப்பளித்தது. இத்தாலிய எல்லையருகே அகதிகளுக்கு இடங்கொடுத்த செட்ரிக் ஏறூ என்னும் விவசாயியின் வழக்கில் வந்த தீர்ப்பு அது. குரோத்தென்டீக் அதைக் காணவில்லை. 2014 நவம்பரில், பிரெனே மலையடிவாரத்தில் தனித்து வாழ்ந்திருந்த நிலையில் காலமானார்.

நண்பர் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு புறப்பட்டார். வாசலில் நின்று, "அவை மாட்டிறைச்சி குடுத்தால் பிள்ளை சாப்பிடமாட்டாள், அதை எழுத இடமிருக்கோ?" என்று கேட்டார். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. இருவருமாக அதை நிரப்பினோம். பயண அனுமதி பற்றிய பதில் இன்னும் வரவில்லை.