37 சதவீதம் என்ற பூதம்

நெட்வொர்க் பாடம் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி. பல கம்ப்யூட்டர்கள் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்ட பழைய 10 மெகாபிட் ஈதர்நெட்டில் எவ்வளவு பாரம் ஏற்றலாம்? "37 சதவீதம்தான் சார், அதுக்கு மேல போனா ஒரே மோதல்தான்" என்று ஒருவராவது சொல்லுவார். 1980களில் பொறியாளர்கள் பலரும் இப்படித்தான் நம்பினார்கள். இந்த 37 எங்கிருந்து வந்தது? கொஞ்சம் தோண்டிப் பார்ப்போமா?

1970-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் 'அலோஹா' என்ற ரேடியோ நெட்வொர்க் முறையை வெளியிட்டார். வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்பதெல்லாம் கிடையாது. தோன்றியபோது பாக்கெட்டை அனுப்பவேண்டியது. மோதினால் மறுபடி அனுப்பவேண்டியது. பாக்கெட்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், பாய்சான் முறைப்படி வருகின்றன என்று வைத்துக்கொண்டு நிகழ்தகவுக் கணக்கு போட்டால், அதிகபட்சம் 18.4 சதவீத நேரம்தான் பயன்படும். நேரத்தைச் சம கூறுகளாக வெட்டி, கூறு தொடங்கும்போது மட்டும் அனுப்பினால் அது இரட்டிப்பாகி 36.8 ஆகும். 1-ஐ 2.718-ஆல் வகுத்தால் வரும் எண் அது.

ஈதர்நெட்டோ கேட்டுவிட்டுப் பேசும் சாதி! மெட்காஃபும் பாக்ஸும் 1976-ல் இதற்கு ஓர் எளிய மாடல் தந்தார்கள். அதை 10 மெகாபிட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு போட்டிக் கூறு 51.2 மைக்ரோ செகண்ட். நிறைய கம்ப்யூட்டர்கள் முட்டி மோதும்போது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சராசரியாக 1.718 கூறு, அதாவது சுமார் 88 மைக்ரோ செகண்ட் வீணாகிறது. 1500 பைட் பாக்கெட் போக 1200 மைக்ரோ செகண்ட். 1200-ஐ 1288-ஆல் வகுத்தால் 93 சதவீதம்! 64 பைட் பாக்கெட்டுக்கு வெறும் 51.2 மைக்ரோ செகண்ட்தான். அதை 139.2-ஆல் வகுத்தால்... 37! பூதம் ஒளிந்திருந்த இடம் இதுதான்.

அதாவது, மிகச் சிறிய பாக்கெட், மிக நீளமான கேபிள், எல்லோரும் எந்நேரமும் அனுப்பத் துடிப்பது - இத்தனையும் ஒன்றுசேர்ந்தால்தான் 37. நிபந்தனையை மறந்துவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1988-ல் பாக்ஸ், மோகல், கென்ட் மூவரும் ஒரே கேபிளில் 24 கம்ப்யூட்டர்களைக் கோத்து அளந்தே பார்த்துவிட்டார்கள். சிறிய பாக்கெட்டுகள்கூட 37-க்கு வெகு மேலே போயின. கேபிள் குட்டையானால் மோதல் சீக்கிரமே தெரிந்துவிடும். வீணாகும் நேரமும் குறையும்.

சரி, மாடல் எப்போதும் பயமுறுத்தத்தான் செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். சில சமயம் நம்மை ஏமாற்றித் தூங்கவும் வைக்கும். டெலிபோன் அழைப்புகள் பாய்சான் முறையில் வருகின்றன என்று 1909-லேயே எர்லாங் காட்டினார். அதே கணக்கை கம்ப்யூட்டருக்கும் போட்டார்கள். ஆனால் பெல்கோர் ஆய்வகத்தில் 1989 முதல் 1992 வரை ஈதர்நெட் போக்குவரத்தை அளந்ததில் வேறு கதை தெரிந்தது. 1993-ல் அது வெளிவந்தது. பாய்சான் கணக்குப்படி, நீண்ட நேரத்துக்குச் சராசரி எடுத்தால் ஏற்ற இறக்கம் சமனாகிவிட வேண்டும். நிஜத்தில் அது லேசில் அடங்கவில்லை.

நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்களேன். மணிக்கு 60 பேர் என்றால் நிமிஷத்துக்கு ஒருவர் என்று நினைத்து ஒரே ஆளைப் பரிமாற விட்டால் என்னாகும்? மணி அடித்ததும் மொத்த வகுப்பும் தட்டோடு வந்து நிற்கும்! நெட்வொர்க்கிலும் அப்படித்தான். சராசரியை நம்பி பஃபர் வைத்தால் நிரம்பி வழிந்து பாக்கெட் தொலையும்.

இன்றைய ஸ்விட்ச்சுகளில் ஆளுக்கொரு தனிப் பாதை இருப்பதால் பழைய மோதல் இல்லை. ஆனால் வைஃபையில் எல்லோருக்கும் ஒரே காற்றுதான், போட்டி தீரவில்லை. எனவே எளிய மாடல்கள் நமக்கு இன்றும் வேண்டும். பேனாவும் பேப்பரும் இருந்தால் ஐந்தே நிமிஷத்தில் ஒரு விடை கிடைக்கிறதே!

நாளை வேலைக்குப் போய், இத்தனை ஸ்விட்ச், இத்தனை பாயின்ட் என்று எஸ்டிமேட் போடப்போவது நாம்தான். கணக்கு கூடினால் பணம் வீண். குறைந்தால் எல்லோரும் நம்மைத்தான் திட்டுவார்கள். ஆகவே விடை எழுதும்போது அதன் நிபந்தனையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். முடிந்தால் ஒரு தடவை அளந்தும் பாருங்கள். பூதம் ஓடிவிடும்!