ஓசையின்றி ஒரு விசைப்பலகை

வீட்டுக் கணிப்பொறிக்கு ஒரு விசைப்பலகை வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கணிப்பொறி விளையாட்டில் ஆர்வமுள்ள தம்பி ஒருவன் இருக்கிறான். அதே அறையில் அக்காள் தேர்வுக்குப் படிக்கிறாள். பத்து மணிக்குமேல் பாட்டி உறங்குவதும் அங்கேதான். விளக்கை அணைத்த பின்னும் விசைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விளையாட்டின் வேகத்துக்கு அவை ஈடுகொடுக்க வேண்டும். ஆனால் பாட்டியின் உறக்கம் கெடக் கூடாது. கடைக்குச் சென்றால் எல்லாப் பெட்டிகளிலும் எல்லா நற்குணங்களும் அச்சாகியிருக்கின்றன. எதை நம்புவது? விசைப்பலகையின் உள்ளே என்ன நடக்கிறது என்று சற்று அறிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஓசை எங்கே பிறக்கிறது?

விசையை அழுத்தும்போது உள்ளே மின்சுற்று இணைகிறது. அந்த இணைப்பின் ஓசைதான் நமக்குக் கேட்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நண்பர் வீட்டில் மெக்கானிக்கல் வகை விசைப்பலகை இருந்தால், ஒரு விசையின்மீது விரலை வைத்து மிக மெதுவாக அழுத்துங்கள். பாதித் தூரம் இறங்கியதுமே திரையில் எழுத்து தோன்றிவிடும். சிவப்பு நிறத் தண்டுடைய விசையானால் அப்போது எந்த ஓசையும் கேட்காது. பிறகு வழக்கம்போல் ஓங்கி அழுத்துங்கள். 'டக்' என்ற ஓசை இப்போது கேட்கும். விரலைச் சட்டென்று எடுத்தால் மீண்டும் ஓர் ஓசை எழும்.

காரணம் எளியது. ஒவ்வொரு விசையின் அடியிலும் பிளாஸ்டிக் கூடு ஒன்று இருக்கிறது. அதனுள் ஒரு தண்டும் ஒரு சுருள்வில்லும் உள்ளன. தண்டு கீழே சென்று கூட்டின் அடித்தளத்தில் மோதுகிறது. விரலை எடுத்ததும் சுருள்வில் அதை உந்தித் தள்ள, மேலே சென்று கூட்டின் கூரையில் மோதுகிறது. ஆக, ஓர் எழுத்துக்கு இரண்டு மோதல்கள். நாம் கேட்பது இவற்றைத்தான். அண்மை ஆண்டுகளில் விளையாட்டுப் பிரியர்களிடையே பரவியுள்ள காந்த வகை விசைப்பலகைகளில் உலோகத் தொடர்பே கிடையாது. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தி, தண்டிலுள்ள சிறு காந்தம் எவ்வளவு இறங்கியது என்பதை அவை உணர்ந்துகொள்கின்றன. ஆயினும் அவையும் ஓசை எழுப்பத்தான் செய்கின்றன! பிளாஸ்டிக்கின்மீது பிளாஸ்டிக் மோதும் வரை ஓசைக்கு ஓய்வில்லை.

எனவே கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மோதல்களை மெத்தென்று தாங்க உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள்?

ரப்பரும் சுருள்வில்லும்

விலை குறைந்த பெரும்பாலான விசைப்பலகைகள் மெம்பிரேன் வகையைச் சேர்ந்தவை. மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத் தாளில் துளைகள் மட்டுமே இருக்கும். தாள்களின்மேல், விசைக்கு ஒன்றாக, கவிழ்த்த கிண்ணம் போன்ற ரப்பர் குமிழ்கள் உள்ளன. விசையை அழுத்தினால் குமிழ் மடங்கி மேல் தாளைத் துளை வழியாகக் கீழ்த் தாளோடு தொடச் செய்கிறது. இறங்கும்போது ரப்பரே மெத்தையாகிவிடுவதால் ஓசை தாழ்ந்து 'தொப்' என்று கேட்கும். கொடுக்கும் காசுக்கு அமைதி வேண்டுமென்றால் இதை இகழ்ந்து ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், எழுத்து பதிவாவதற்கு விசையை ஏறக்குறைய அடிவரை அழுத்தியாக வேண்டும். சில ஆண்டுகளில் ரப்பர் தளர்ந்துபோவதும் உண்டு.

மெக்கானிக்கல் வகையில் செர்ரி நிறுவனத்தின் எம்.எக்ஸ். விசைகள் 1980-களில் வந்தவை. இன்றைய பல நிறுவனங்களின் விசைகளுக்கு அவைதாம் முன்மாதிரி. தண்டின் நிறத்தை வைத்தே இவற்றை அழைப்பார்கள். நீல விசையில் தண்டு இரண்டு துண்டுகளால் ஆனது. பாதியில் ஒரு மேட்டைத் தாண்டியதும் சிறு துண்டு துள்ளி விழுந்து 'கிளிக்' என்று ஒலிக்கிறது. எழுத்து பதிந்தது என்பதை விரலுக்கும் செவிக்கும் அறிவிப்பதற்காகவே வேண்டுமென்று செய்த ஏற்பாடு இது. தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு இனிமையாக இருக்கலாம். பாட்டி உறங்கும் அறைக்கு இது ஆகாது. பழுப்பு விசையில் மேடு உண்டு, துள்ளும் துண்டு இல்லை. சிவப்பு விசையில் இரண்டும் இல்லை, வழவழப்பாக இறங்கும். 4 மில்லிமீட்டர் பயணத்தில் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகும். அதற்கு வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய 46 கிராம் எடைக்குச் சமம். ஆறு பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு என்று தெரியும்.

'சிவப்பு என்றால் அமைதி' என்று கடைக்காரர் சொல்வார். பாதி உண்மைதான். 'கிளிக்' இல்லையே தவிர, அடியிலும் கூரையிலும் மோதும் இரண்டு ஓசைகளும் அப்படியே இருக்கின்றன. விளையாட்டின் பரபரப்பில் எவர் பாதியில் நிறுத்தி மெல்ல அழுத்தப் போகிறார்?

உண்மையில் அமைதியானவை, பெயரிலேயே 'சைலன்ட்' என்ற அடைமொழியுள்ள விசைகள். இவற்றின் தண்டில் மேல் மோதலுக்கும் கீழ் மோதலுக்குமாக மெத்தென்ற சிறு பட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். செர்ரியின் சைலன்ட் ரெட் விசையில் பட்டைகள் சிறிது இடத்தை எடுத்துக்கொள்வதால் பயணம் 4 மில்லிமீட்டரிலிருந்து 3.7 மில்லிமீட்டராகக் குறைந்திருக்கிறது. அடித்தொடுகை சற்றே மண்ணில் குத்துவது போல மந்தமாக இருக்கிறது என்று சிலர் குறைப்படுவார்கள். இரண்டு நாளில் பழகிவிடும் என்பது என் கருத்து.

விசைத் தொப்பியின் அடியில் மாட்டும் ரப்பர் வளையங்களும் கிடைக்கின்றன. அவை கீழ் மோதலை மட்டுமே தணிக்கும். விசை மேலே திரும்பும்போது எழும் ஓசையை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. இதைச் சொல்லாமலே விற்கிறார்கள். அதற்குப் பதிலாக, விசைகளைக் கழற்றி மாற்றக்கூடிய பலகையாகப் பார்த்து வாங்கினால், இன்று சாதாரண விசைகளோடு வாங்கி, பின்னர் கையில் பணம் இருக்கும்போது சைலன்ட் விசைகளைப் பொருத்திக்கொள்ளலாம்.

மேசையும் ஒரு பறை

பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டி, அதன் காம்பை மேசையில் ஊன்றிப் பார்த்திருப்பீர்கள். கையில் இருந்தபோது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்ட ஓசை, மேசையில் வைத்ததும் அறை முழுவதும் பரவும். கவையின் அதிர்வு மேசைப் பலகையின் பரந்த பரப்புக்குச் சென்று அங்கிருந்து காற்றை அசைப்பதே காரணம். விசைப்பலகையிலும் இதேதான் நடக்கிறது. மெல்லிய பலகையால் செய்த மேசை உண்மையிலேயே ஒரு பறையாகிவிடுகிறது. தடித்த துணியை நான்காக மடித்து விசைப்பலகையின் அடியில் விரித்துப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும். செலவு ஒன்றுமில்லை. உள்ளே நுரைப்பட்டை வைத்த பலகைகளும், எடை மிகுந்த பலகைகளும் இதே காரணத்தால் அமைதியாக ஒலிக்கின்றன.

பெட்டியில் 'இத்தனை டெசிபெல்' என்று அச்சிட்டிருந்தால், எவ்வளவு தூரத்தில் அளந்தது என்றும் பாருங்கள். திறந்த வெளியில், தூரம் இருமடங்கானால் 6 டெசிபெல் குறையும். தூரம் குறிப்பிடாத எண்ணுக்கு மதிப்பில்லை. மேலும், ஒரே சீராக ஓடும் மின்விசிறிக்குச் செவி பழகிவிடும்; ஒழுங்கின்றி விட்டுவிட்டு வரும் தட்டல், அளவில் குறைவாயினும் உறக்கத்தைக் கலைக்கும்.

விளையாட்டுக்கு எது தேவை?

104 விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் நூற்றுக்கு மேற்பட்ட கம்பிகள் வேண்டும். அதனால் விசைகளைக் கட்டம் போட்டாற்போல் வரிசைகளாகவும் நிரல்களாகவும் இணைக்கிறார்கள். 8 வரிசை, 13 நிரல் என்று கொண்டால் 21 கம்பிகள் போதும், சந்திப்புகளோ 104. உள்ளேயுள்ள சில்லு ஒவ்வொரு வரிசையாகச் சோதித்து, எந்தச் சந்திப்பு இணைந்திருக்கிறது என்று கண்டுகொள்ளும்.

இந்தச் சிக்கனத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்சாரம் சுற்றுவழியாக நான்காவது மூலைக்கும் சென்றுவிடும். அழுத்தாத விசை அழுத்தியதுபோல் தோன்றும்! இந்தப் பேய் விசையைத் தவிர்க்க, மலிவான பலகைகளில் மூன்றாவது விசையையே சில்லு புறக்கணித்துவிடும். முன்னே ஓடிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பித் தாவ முயலும் வீரன் தாவாமல் நிற்பது இதனால்தான்; தம்பியின் கைத்திறன்மீது பழி போட வேண்டாம். நல்ல பலகைகளில் ஒவ்வொரு விசையுடனும் ஒரு டயோடு இருக்கும். மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே செல்ல முடியும் என்பதால் சுற்றுவழி அடைபட்டுவிடுகிறது. விளையாட்டு விசைப்பலகைக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு நியாயமான காரணம் இதுவே.

வேகத்தைப் பற்றிய எண்களுக்கு அவ்வளவு மதிப்பில்லை. சாதாரணப் பலகை விநாடிக்கு 125 முறை செய்தி அனுப்பினால் தாமதம் அதிக அளவாக 8 மில்லி விநாடி. 1,000 முறையானால் 1 மில்லி விநாடி. விநாடிக்கு 60 படங்கள் காட்டும் திரையில் ஒரு படமே ஏறக்குறைய 17 மில்லி விநாடி நிற்கிறது. கண்ணால் கண்டு விரலை அசைக்க நமக்கு ஏறத்தாழ 200 மில்லி விநாடி ஆகிறது. 8,000 முறை என்று விளம்பரம் செய்யும் பலகைக்கு வீட்டில் வேலையில்லை.

விசைக்கு அடியில் விளக்கு

சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி. 1960-களிலேயே இருந்தது. பிரகாசமான நீல ஒளி கிடைக்கும் வரை வெள்ளையும் பல்வண்ணமும் கைகூடவில்லை. 1990-களில் அதைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். இன்று ஒவ்வொரு விசையின் அடியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நுண்விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றையும் 256 படிகளில் கூட்டிக் குறைக்கிறார்கள். 256-ஐ மும்முறை பெருக்கினால் 1,67,77,216. பெட்டியில் காணும் '1.67 கோடி வண்ணங்கள்' இந்தப் பெருக்கல்தான்; வேறு மாயம் ஒன்றுமில்லை.

இரவுக்கு வேண்டியது நிறங்களின் எண்ணிக்கையன்று. ஒளியை மிகத் தாழ்த்தும் வசதி. விலை குறைந்த சில பலகைகளில் 'எரியும், அணையும்' என்ற இரண்டு நிலைகளே உண்டு. அவற்றை வாங்காதீர்கள். நீல ஒளி உறக்கத்துக்குரிய மெலட்டோனின் சுரப்பைத் தாமதப்படுத்துவதால் மங்கலான சிவப்போ ஆரஞ்சோ நல்லது. திரையின் ஒளியோடு ஒப்பிட்டால் விசைப்பலகையின் ஒளி சிறிதே என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டியின் முகத்தில் விழுவது பெரும்பாலும் திரையின் ஒளிதான்.

எழுத்துகள் ஒளிர்வது எப்படி என்பதையும் கவனியுங்கள். ஒளி புகும் பிளாஸ்டிக்கின்மேல் கறுப்பு வண்ணம் பூசி, எழுத்தின் வடிவில் சுரண்டி எடுப்பது ஒரு முறை. நாளடைவில் விரல்பட்டு வண்ணம் உதிரும். இருவகைப் பிளாஸ்டிக்கை வார்த்து, எழுத்தையே ஒளி புகும் பிளாஸ்டிக்கால் ஆக்குவது மற்றொரு முறை. அது தொப்பி உள்ளவரை அழியாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு தொல்லை இருக்கிறது. பல பலகைகளில் விளக்கு விசையின் மேல் ஓரத்தில் அமைந்திருப்பதால் மேல் பாதியில் உள்ள ஆங்கில எழுத்து நன்கு ஒளிரும். கீழே தமிழ் எழுத்துக்கு இடம் கொடுத்தால் அது மங்கிப்போகும். ஒட்டுவில்லைகளோ ஒளியையே மறைத்துவிடுகின்றன. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் ஒழுங்காக இருப்பதால், சில வாரங்கள் ஒட்டுவில்லையுடன் பகலில் பழகிவிட்டு, பிறகு அவற்றை உரித்து எடுத்துவிடலாம்.

கடையில் எந்த விசையை முதலில் அழுத்திப் பார்ப்பது? எழுத்து விசைகளையல்ல, நீண்ட ஸ்பேஸ் பாரை. அதன் இரு முனைகளையும் சமமாகத் தாங்க அடியில் ஒரு கம்பி இருக்கிறது. அது தளர்வாக இருந்தால் கடகடவென்று அதிரும். மற்ற விசைகள் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் பயனில்லை. அடுத்து, திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, டபிள்யூ, டி ஆகிய இரண்டையும் ஸ்பேஸ் பாரையும் ஒன்றாக அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எழுத்துகளும் ஓர் இடைவெளியும் பதிய வேண்டும். சந்தடி மிகுந்த கடையில் எல்லா விசைப்பலகைகளும் ஊமையாகவே தோன்றும். ஆகவே மாற்றித் தருவார்களா என்று கேட்டு வாங்கி வந்து, அன்றிரவே உங்கள் மேசையில், மின்விசிறியை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தட்டிப் பாருங்கள். பாட்டி படுக்கும் இடத்தில் வேறொருவரை நிற்கச் சொல்லிக் கேட்கச் செய்வது இன்னும் நல்லது.