ஹால்சியன்: ஓர் இசைத்தொகுப்பும் அதன் மறுபதிப்பும்

நூல்களுக்கு மறுபதிப்பு உண்டென்பது யாவரும் அறிந்ததே. முதற்பதிப்பிலே நேர்ந்த பிழைகளைக் களைதற்கும், பின்னர்க் கிடைத்தவற்றைச் சேர்த்தற்கும், விலைபோய் முடிந்த படிகளுக்கு ஈடுசெய்தற்குமாக மறுபதிப்புக்கள் தோன்றுகின்றன. பாட்டுக்களை ஒருங்கு திரட்டி வெளியிடும் இசைத்தொகுப்புக்களும் இக்காலத்தே அவ்வாறே மீளப் பதிப்பிக்கப்படுகின்றன. ஆயின், இசைத்தொகுப்பின் மறுபதிப்பிலே பிழை களைதல் அரிது. புதுப்பாட்டுச் சேர்த்தலே பெரிது. ஒரு நிரலாக அமைந்து, ஒரு முதலும் ஓர் ஈறும் உடையதாய் நிற்கும் தொகுப்பொன்றின் பின்னே பத்துப் பாட்டுக்களைக் கொண்டுவந்து வைப்பின், அஃது அத்தொகுப்பின் வளர்ச்சியா, அன்றி இடைச்செருகலா? இவ்வினாவுக்குப் பொதுவிலே விடை கூற முயல்வதினும், தக்க சான்றொன்றை எடுத்து ஆராய்தல் பயனுடைத்து. ஆங்கிலப் பாடகியும் பாடலாசிரியருமாகிய எல்லி கோல்டிங் என்பாரின் இரண்டாம் தொகுப்பாகிய 'ஹால்சியன்' இதற்கு மிகப் பொருந்துவதாகும்.

இவர் 1986ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஹெரபோர்ட் நகரிற் பிறந்தவர். லயன்ஸ்ஹால் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். கென்ற் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றவர். கையிலே கிற்றார் ஏந்தி நாட்டுப்பாடல் நெறியிற் பாடத் தொடங்கி, மின்னிசைப் பொறிகளின் துணையை நாடிச் சென்றவர். 2010இல் வெளிவந்த 'லைற்ஸ்' என்னும் முதற்றொகுப்புப் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டு முடியுமுன்னரே அது 'பிறைற் லைற்ஸ்' என்ற பெயரோடு மறுபதிப்பாயிற்று. அம்மறுபதிப்பிலே சேர்க்கப்பட்ட 'லைற்ஸ்' என்ற பாட்டே (தொகுப்பின் பெயரைத் தாங்கிய இப்பாட்டு முதற்பதிப்பின் பொதுநிரலில் இல்லாதது வியப்பே) பின்னர் அமெரிக்கப் பட்டியலில் மெல்லமெல்ல ஏறி 2012இல் இரண்டாம் இடத்தை அடைந்தது. பின்னிணைப்பிலே நின்ற பாட்டொன்று ஆசிரியரைக் கடல் கடந்தும் அறிமுகஞ் செய்தது. இதனை உளங்கொண்டு மேற்செல்வோம்.

'ஹால்சியன்' என்ற பெயரின் வரலாறு அறியத்தக்கது. அல்சியோன் என்பாள் காற்றுக்கு அதிபனாகிய ஏயொலஸின் மகள். திரேக்கிஸ் நாட்டரசன் சேயிக்ஸின் மனைவி. குறிகேட்கக் கடல் வழியே சென்ற கணவன் புயலில் அகப்பட்டு மாண்டான். அஃதறியாத அல்சியோன் அவன் மீட்சிக்காக நாள்தோறும் யூனோ தேவியை வழிபட்டாள். இறந்தவனுக்காகச் செய்யும் வேண்டுதலைப் பொறாத தேவி, கனவின் வாயிலாக உண்மையை உணர்த்துவித்தாள். விடியற்காலையிலே கரைக்கு ஓடியவள் அலைகள் கொணர்ந்த உடலைக் கண்டாள். கடலை நோக்கிப் பாய்ந்தாள். பாய்ந்தவள் வீழாது பறவையானாள். கணவனும் பறவையானான். அப்பறவை மாரிக்காலத்தில் அலைமேற் கூடுகட்டி அடைகாக்கும்போது ஏழுநாட்கள் தந்தையாகிய ஏயொலஸ் காற்றை அடக்கிவைப்பான் என்றும், அந்நாட்களிற் கடல் அலையற்று உறங்கும் என்றும் உரோமப் புலவர் ஓவிட் தம் உருமாற்றக் கதைநூலின் பதினோராம் பகுதியிலே பாடினார். அவருக்கு முந்திய அரிஸ்டோட்டில், மாரிகாலத்துக் கதிர்த்திருப்பத்துக்கு முன் ஏழும் பின் ஏழுமாகப் பதினான்கு நாட்கள் எனக் கணக்கிட்டார். 'ஹால்சியன் நாட்கள்' என்னுந் தொடர் ஆங்கிலத்திலே அமைதி நிறைந்த இன்பக் காலத்தைக் குறித்து வழங்குவது இதனாலேயே.

இக்கதைப் பறவை நமக்கு அயலதன்று. அது மீன்கொத்தி; பழந்தமிழ் நூல்கள் சிரல் என்பதும் அதுவே. நம் வயலோரங்களிலும் கேணிக்கட்டுக்களிலும் நீலச் சிறகும் வெண்மார்புமாக அமர்ந்திருக்கும் இனத்தைப் பறவைநூலார் 'ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ்' என்பர். ஈழத்துக் காடுகளில் வாழும் சின்னஞ்சிறு மீன்கொத்தி ஒன்று 'சேயிக்ஸ்' என்னும் இனத்தைச் சேர்ந்தது. கடலிற் பிரிந்த கணவனும் மனைவியும் இவ்வாறு பறவைநூலிலே இன்றும் அயலயலே வாழ்கின்றனர். மீன்கொத்தி அலைமேற் கூடு கட்டுவதில்லை, மண்கரையைக் குடைந்தே முட்டையிடும் என்பதை எடுத்துக்காட்டிப் புலவரைக் குறைகூறுவார் கூறுக.

ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. அமைதி என்னும் பொருளிலே வழங்குஞ் சொல்லின் அடியிலே புயலும் சாவும் பிரிவும் கிடக்கின்றன. 2012 ஒக்டோபரில் வெளிவந்த தொகுப்பும் அத்தகையதே. பிரிவுத் துயரிலே பிறந்த பாட்டுக்களே அதிற் பெரும்பான்மையன. பெரும்பகுதியை ஜிம் எலியற் என்னும் இசையமைப்பாளரோடு கூடி ஆக்கினார். முதற்றொகுப்பின் துள்ளலும் மினுக்கமும் இதிலே அடங்கிவிட்டன. பெருமுரசின் அதிர்ச்சியும், பல குரல் கூடிய முழக்கமும், யாழ் போன்ற நரம்பொலியும், இடையிடையே தனித்து ஒலிக்கும் பியானோவும் மேலோங்கி நிற்கின்றன. 'மை பிளட்' என்பதிலே குருதியும், 'எக்ஸ்புளோஷன்ஸ்' என்பதிலே வெடிப்பும், 'அற்லான்றிஸ்' என்பதிலே கடல்கொண்ட நகரும் பெயராயின. 'ஐ நோ யூ கெயார்' என்னும் பாட்டோ பியானோ ஒன்றையே பெரும்பாலும் துணைக்கொண்டு மெல்லிய குரலாற் பாடப்படுவது. 'டெட் இன் த வோற்றர்' என்பது நீரிலே அசைவற்றுக் கிடத்தல் என்னும் பொருட்டு. மேற்கூறிய கதையை அறிந்தோர்க்கு இத்தலைப்பு அலைகொணர்ந்த உடலை நினைவூட்டாது போகாது. பாடகி அக்கதையை உட்கொண்டே நிரலை அமைத்தார் என யான் வாதிடேன். கேட்போர் செவியிலே அவ்வாறு பொருந்துகின்றது என்பதே யான் கூறுவது.

இவ்விசைமுறையினைச் சிந்த்-பொப் என்பர். அதன் இயல்பை அறியாதார்க்குச் சிறிது விளக்குதல் வேண்டும். வீணையிலே நரம்பும் குழலிலே காற்றும் அதிர்ந்து ஒலி பிறக்கும். சிந்தசைசர் என்னும் மின்னிசைப் பொறியிலே மின்னோட்டமே அலையாய் அதிர்கின்றது. அவ்வலையிலே வேண்டாத கூறுகளை வடிகட்டியும், எழுச்சி தாழ்ச்சிகளை வரையறுத்தும் விரும்பிய ஒலியைப் பெறுவர். 1964இல் அமெரிக்கராகிய றொபேட் மூக் இத்தகைய பொறியை அமைத்துக் காட்டினார். ஜெர்மனியின் கிராவ்ற்வேர்க் குழுவினர் 1970களில் இதனையே முதன்மைக் கருவியாக்கினர். பின்னர் வந்த எண்முறைப் பதிவு இதனினும் பெரிய மாற்றம். குறுந்தட்டிலே ஒலி ஒரு நொடிக்கு 44,100 எண்களாக எழுதப்படுகின்றது. எண்ணாகிய பின்னர் அதனை வெட்டலாம், ஒட்டலாம், திருப்பலாம். ஒரு குரற்றுண்டை இருமடங்கு விரைவில் ஒலிக்கச் செய்யின் அதன் சுருதி ஒரு தாயி உயரும். 440 அதிர்வு 880 ஆகும்.

ஹால்சியனிலே இம்முறை கையாளப்பட்டவாறே அதன் தனிச்சிறப்பு என்பது என் கருத்து. கோல்டிங்கின் குரல் மென்மையும் நடுக்கமும் மூச்சொலியும் கலந்தது. உச்சத்திற் செல்லுங்கால் உடைந்துவிடுமோ என அஞ்சவைப்பது. அக்குரலையே துண்டாக்கி, அடுக்கி, சொல்லற்ற ஒலியாக்கி, கருவியின் இடத்திலே நிறுத்தினர். 'எனிதிங் குட் ஹாப்பின்' என்ற பாட்டின் தொடக்கத்தைக் கேட்பார் இதனை உணர்வர். அங்கே பாடுபவளும் அவளே, அவளுக்குப் பக்கம் இசைப்பவளும் அவளே. பிரிந்தாள் ஒருத்தி தன் குரலின் எதிரொலியன்றி வேறு துணையின்றி நிற்கின்றாள் என்று தோன்றும். பொறியை வெறுத்து, அஃது உணர்ச்சியைக் கொல்வது என்பார் இதனைக் கேட்டு மறுபடி சிந்திப்பாராக.

இனி, பதிப்பு வரலாற்றுக்கு வருவோம். தொகுப்பு பிரித்தானியாவில் இரண்டாம் இடத்தையும் அமெரிக்காவில் ஒன்பதாம் இடத்தையும் பெற்றது. முதற்பதிப்பும் முற்றிலுந் தூயதன்று என்பதை மறைத்தல் நேர்மையாகாது. கல்வின் ஹாரிஸ் என்னும் நடன இசையாளரோடு பாடிய 'ஐ நீட் யுவர் லவ்' என்பது 'டெட் இன் த வோற்றர்' என்பதன் பின்னே வைக்கப்பட்டது. அலையோய்ந்த துறையிலே திடீரெனப் பறை முழங்கியதைப்போல அஃது ஒலிக்கின்றது. நல்ல பாட்டே, இருக்குமிடந்தான் அதனுடையதன்று. எனவே மறுபதிப்பாளர் செய்ததற்கு வித்து முன்னரே இடப்பட்டிருந்தது.

2013 ஆகஸ்டிலே 'ஹால்சியன் டேய்ஸ்', அதாவது ஹால்சியன் நாட்கள், என்ற பெயரோடு மறுபதிப்பு வெளிவந்தது. பழைய பாட்டுக்கள் நிற்கப் புதியன பல சேர்ந்தன. அவற்றுள் தலையாயது 'பேண்' என்பது. எரிதலைப் பாடும் இப்பாட்டு றையன் ரெடர் முதலிய பலர் கூடி ஆக்கியது. முதலில் வேறொரு பாடகிக்காகப் பதிவுசெய்யப்பட்டு வெளிவராது கிடந்தது. கோல்டிங் பாடிய வடிவம் 2013 ஆகஸ்டிலே பிரித்தானியாவில் முதலிடம் பெற்று மூன்று வாரம் நிலைத்தது. தனிப்பாட்டொன்றால் அவர் அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. 'குட்னெஸ் கிறேசியஸ்' போன்றன மகிழ்ச்சியும் ஆட்டமும் மிக்கவை. நீரால் நிறைந்த தொகுப்பின் வாயிலிலே நெருப்பு வந்து நின்றது.

விளைவு யாது? மூலமும் மறுபதிப்பும் ஒரே தொகுப்பாகவே பிரித்தானிய விற்பனைப் பட்டியலிற் கணக்கிடப்பட்டன. அதனால், வெளிவந்து 65 வாரங்கள் கழிந்த பின்னர், 2014 சனவரியிலே ஹால்சியன் முதலிடத்தை அடைந்தது. புத்தாண்டு பிறந்தவுடன் புதிய வெளியீடுகள் குறைவாயிருத்தலும் இதற்கு ஒருவாறு துணைசெய்திருக்கலாம். எனினும், மறுபதிப்பின் பாட்டுக்கள் இல்லையேல் அத்தொகுப்பு அக்காலத்தே நினைக்கவும் படாது. துயரைப் பாடியது இரண்டாம் இடத்தோடு நின்றது. மகிழ்ச்சியைச் சேர்த்துக்கொண்டது முதலிடத்திற் சென்றது. நிறுவனத்தார்க்கு இதனினும் நல்ல கணக்கு வேறில்லை.

கலைக்கு அஃது என்ன செய்தது என்பதே நம் வினா. மறுபதிப்பின் பெயர் ஒரு வாதத்தை உள்ளடக்கியது. முதற்பதிப்புப் புயலைப் பாடிற்று. இதுவோ புயலின் பின் வரும் அமைதி நாட்களைப் பாடுகின்றது. ஆதலின் கதை நிறைவெய்துகின்றது என்பது அவ்வாதம். பெயரளவில் இது மிகப் பொருத்தமே. பாட்டுக்களை நோக்கின் அத்துணைப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. அல்சியோனின் ஏழு நாட்கள் ஆரவார நாட்களல்ல. காற்றும் அடங்கிய மௌன நாட்கள். 'பேண்' என்பதிலும் 'பிளாஷ்லைற்' என்பதிலும் நாம் கேட்பது விழாக்கூட்டத்தின் ஆரவாரமே. துயரின் ஈற்றிலே கிடைத்த அமைதியாகவன்றித் துயரை மறக்க மூட்டிய தீயாகவே அவை ஒலிக்கின்றன. இவ்வழியே சென்றுதான் 2015இல் 'டெலீரியம்' என்னும் பெருந்தொகுப்பை அவர் ஆக்கினார் எனக் கொள்வார்க்கு மறுபதிப்பு ஒரு வரலாற்றுச் சான்றாகும். தொகுப்பின் ஒருமைக்கு அது சான்றாகாது.

விதிவிலக்கு ஒன்றுண்டு, அதன்பொருட்டே மறுபதிப்பை முற்றாகத் தள்ள மனம் இசையவில்லை. 'ஹவ் லோங் வில் ஐ லவ் யூ' என்பது வோற்றர்போய்ஸ் குழுவின் மைக் ஸ்கொற் இயற்றி அக்குழுவின் 1990ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றில் இடம்பெற்ற பாட்டு. கோல்டிங் அதனைச் சில கருவிகளின் துணையோடு அடக்கமாகப் பாடினார். 'அபவுட் ரைம்' என்னும் திரைப்படத்தின் இசைத்தொகுப்பிலும் அது சேர்க்கப்பட்டது, 2013இல் பி.பி.சி.யின் சிறுவர் நிதிக்கான பாட்டாகத் தெரிவுசெய்யப்பட்டு மூன்றாம் இடம் பெற்றது. எவரோ எழுதியது, எங்கோ இருந்து எடுத்தது. ஆயினும் அலையடங்கிய கடலின் தன்மை இதிலே உண்டு. காதல் எத்துணைக் காலம் நிலைக்கும் என்னும் வினாவை, இழந்தவள் ஒருத்தி மறுபடி கேட்கத் துணிந்தாள்போல அப்பாட்டு அமைந்திருக்கின்றது.

இத்தொகுப்பைக் கேட்க விரும்பும் மாணவர்க்கு ஒன்று கூறலாம். முதற்பதிப்பின் நிரலிலே 'டெட் இன் த வோற்றர்' முடியுமளவும் இடையறாது கேட்டு, அங்கே பொறியை நிறுத்திவிடுக. சேர்க்கப்பட்ட பாட்டுக்களை வேறொரு நாளிலே வேறொரு நூலாகக் கேட்கலாம். மேற்சொன்ன ஒரு பாட்டை மட்டும், விரும்பினால், அம்மௌனத்தின் பின்னே சற்றுப் பொறுத்து வைத்துக்கொள்ளலாம்.