கடன் தீர்க்கும் கணக்குக் கொப்பி

கடன் இல்லாத கஞ்சி கால் வயிறு என்பது நம் முன்னோர் வாக்கு. கால் வயிற்றுக்குக் கஞ்சியே கிடைப்பினும், அது பிறர்க்குக் கடன்படாத கஞ்சியாயின் போதும் என்று அவர்கள் நிறைவு கொண்டனர். ஆயினும் கடனே படாது வாழ்ந்து முடித்தோர் எத்தனை பேர்? பிள்ளையின் படிப்பு, மகளின் கலியாணம், ஒழுகும் கூரை, எதிர்பாராது வந்த நோய் என்று ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு காரணம் இருக்கத்தான் செய்கின்றது. எனவே கடன்பட்டோரைப் பழித்துரைப்பது நம் நோக்கமன்று. பட்ட கடனைத் தீர்ப்பது எங்ஙனம் என்பதையே இன்று எம் வாசகர்களுடன் ஆராய விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, சரவணை, நாரந்தனை ஆகிய ஊர்களின் ஊடாக ஊர்காவற்றுறை நோக்கிச் செல்வோர் கரம்பொன் என்னும் ஊரை அறிவர். தமிழ்மொழியின் பெருமையை உலகெங்கும் எடுத்துச் சென்ற தனிநாயகம் அடிகளார் 1913ஆம் ஆண்டில் பிறந்த ஊர் அது. பனைகள் நிறைந்த நிலம், மாரிமழையை நம்பிய வயல், அயலெங்கும் கடல். தீவுப்பற்று மக்களுட் பலர் முன்னாளிலே கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து வாழ்ந்தனர். 1990க்குப் பின் போரினால் இடம்பெயர்ந்தோர் பலர் கடல் கடந்தும் சென்றனர்.

இத்தகைய ஊர்களின் வருவாய்க்கு ஓர் இயல்பு உண்டு. மாதந்தோறும் ஒரே அளவாக வந்து சேரும் பணம் இங்குச் சிலர்க்கே வாய்க்கின்றது. நெல் தை மாசியில் வரும். மீன் கடலின் மனத்தைப் பொறுத்தது. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பும் பணம் அவனுக்கு வசதியான பொழுது வரும். வரவு மொத்தமாக வந்து போக, அடுப்பு மட்டும் நாள்தோறும் எரிய வேண்டியிருக்கின்றது. கை நிறைந்த மாதத்தில் தாராளமாகச் செலவிட்டு, கை வற்றிய மாதத்தில் கைமாற்றுக்கு அயல் வீட்டுப் படலையைத் திறப்பதே பல கடன்களின் பிறப்பு வரலாறாகும்.

ஒற்றியும் அடகும்

கடன் நம் நாட்டிற்குப் புதிதன்று. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவில் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்திலேயே ஒற்றி, அடகு, வட்டிக் கடன் ஆகியவை இடம்பெற்றுள்ளன. ஒற்றி என்பது காணியை ஈடாகக் கொடுத்துப் பணம் பெறுதல். பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக அந்நிலத்தின் விளைவை அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி மீளும். ஆனால், விளைவு தரும் நிலத்தையே கையை விட்டு நீக்கிய உழவன் முதலை எங்ஙனம் சேர்ப்பான்? ஒற்றி வைத்த காணி பிள்ளைகளின் காலத்திலும் மீளாமற் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

இக்காலத்தில் காணியின் இடத்தைப் பெரும்பாலும் நகை பிடித்துக்கொண்டது. தாலிக்கொடியும் காப்பும் அடகுக்குச் செல்வதும், திருவிழாவுக்கு மீள்வதும், மீண்டும் செல்வதும் பல வீடுகளில் ஆண்டு வழக்கமாகிவிட்டன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் விலைவாசி ஓராண்டுக்குள் ஏறத்தாழ நூற்றுக்கு 70 வீதம் உயர்ந்தபோது இவ்வழக்கம் இன்னும் பல குடும்பங்களைப் பற்றிக்கொண்டது.

கூடிக் கடன் தீர்த்த வழி

ஏழைகள் தாமே கூடித் தம் கடனைத் தீர்க்க இயலும் என்பதைச் செய்து காட்டியவர்களுள் முதன்மையானவர் செருமனி நாட்டு ரைபைசன் என்பவர். அவர் ஒரு சிற்றூர்த் தலைவர். 1846ஆம், 1847ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலே உழவர் வட்டிக்காரரிடம் சிக்கித் தவித்ததைக் கண்டு மனம் வருந்தினார். செல்வரின் தருமத்தினால் மாத்திரம் வறுமை நீங்காது என்பதை அநுபவத்தில் உணர்ந்து, 1864இல் உழவர் தாமே நடத்தும் நாணய சங்கமொன்றை நிறுவினார். ஓர் ஊரார் மட்டுமே உறுப்பினர். ஒருவர் பட்ட கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. தேவையை ஆராய்ந்தே கடன் வழங்குவர். செலுத்தும் வட்டி சங்கத்திற்கே, அதாவது உறுப்பினர்க்கே, திரும்பி வரும்.

சென்னை மாகாணத்தில் நிக்கல்சன் என்னும் அதிகாரி இம்முறையை ஆராய்ந்து 1890களில் அறிக்கை எழுதினார். 1904இல் இந்தியாவில் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. 1911இல் இலங்கையிலும் அத்தகைய சட்டம் நிறைவேறியது. யாழ்ப்பாணத்தார் அதனை இரு கையாலும் ஏற்றனர். ஊர்தோறும் ஐக்கிய நாணய சங்கங்கள் எழுந்தன. 1929இல் கூட்டுறவு மாகாண வங்கி யாழ்ப்பாணத்தில் தோன்றியது. 1930களில் மூளாயில் கூட்டுறவு மருத்துவமனையே அமைந்தது. இவ்வியக்கத்துக்கு உழைத்த வீ. வீரசிங்கம் அவர்களின் பெயரை யாழ் நகரிலுள்ள வீரசிங்கம் மண்டபம் இன்றும் தாங்கி நிற்கின்றது.

இச்சங்கங்களின் வலிமை எதிலே இருந்தது? இரும்புப் பெட்டியில் இருந்த பணம் சிறிதே. கடன் கேட்பவரைச் சங்கத்தார் சிறுவயது முதல் அறிவர். மாட்டுக்குக் கேட்கின்றாரா, மதுவுக்குக் கேட்கின்றாரா என்பதும் அவர்க்குத் தெரியும். வாங்கியவரும் தாம் தவணை தவறினால் அயலவரின் பணமே அழியும் என்பதை உணர்ந்திருந்தார். கூட்டத்திலே கணக்கு வெளிப்படையாக வாசிக்கப்பட்டது. தவணை தவறியவரை நோக்கி, என்ன இடர் வந்தது என்று கேட்பதற்கு மனிதர் இருந்தனர்.

அதே கயிறு, வேறு கை

போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் பல நுழைந்தன. பெண்களைக் குழுவாக அமைத்து, ஒருவர்க்கொருவர் பிணை நிற்கச் செய்து, கடனை வீட்டு வாசலிலே கொடுத்தன. வாராந்தத் தவணையை வாசலுக்கே வந்து அறவிட்டன. ஒரு கடனைக் கட்ட மற்றொரு கடன், அதனைக் கட்ட மூன்றாவது கடன் என்று குடும்பங்கள் அமிழ்ந்தன. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர், சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 220 வீதம் வரை உயர்ந்திருந்ததாக எடுத்துரைத்தார். அவமானம் தாங்காது உயிரை மாய்த்துக்கொண்ட தாய்மாரும் உளர். அவ்வாண்டிலேயே அரசு, வறட்சியுற்ற 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன் பெற்று நிலுவையில் இருந்த பெண்களுக்கு நிவாரணம் அறிவித்தது.

ஈண்டு ஒன்றை நம் இளைஞர் கூர்ந்து நோக்க வேண்டும். பழைய நாணய சங்கத்திலும் அயலவர் பிணை நின்றனர். நுண்கடன் குழுவிலும் அயலவரே பிணை நின்றனர். முன்னதில் பணம் அவர்களுடையது. வட்டி அவர்களிடமே மீண்டது. கடனின் நோக்கத்தை அவர்களே தீர்மானித்தனர். பின்னதில் பணமும் இலாபமும் வேறொருவருடையவை. அயலவர்க்குக் கிடைத்தது அறவிடும் வேலை மாத்திரமே. கிணற்றில் விழுந்தவனைத் தூக்கவும் கயிறு வேண்டும். கன்றைக் கட்டி வைக்கவும் கயிறு வேண்டும். யார் கையில் இருக்கின்றது என்பதே வேறுபாடு.

வட்டியின் பெயரிலும் ஏமாறுதல் கூடாது. 50,000 ரூபா கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 24 வீதம் என்று சொல்லி, 12,000 ரூபாவை முதலிலேயே சேர்த்து, 62,000 ரூபாவை 12 மாதங்களாகப் பங்கிட்டால் மாதத் தவணை ஏறத்தாழ 5,167 ரூபா. முதல் மாதந்தோறும் குறைந்து வருகின்றது. வட்டியோ குறையாத முதலுக்கே கணக்கிடப்படுகின்றது. உண்மையான வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 40 வீதத்திற்கும் அதிகம். உயர்வகுப்பு மாணவர் இக்கணக்கைச் செய்து பெற்றோர்க்கு விளக்குதல் நன்று.

வீட்டிலே செய்யத்தக்கது

தென்னிலங்கையிலே கடை நடத்திய நம் தீவுப்பற்று வணிகர் நாளேடு, பேரேடு, ஐந்தொகை ஆகியவற்றைச் சதம் தவறாது எழுதினர். கடைக்கு எழுதிய கணக்கை வீட்டிற்கும் எழுதினால் கடனின் பாதி வலிமை அன்றே போய்விடும்.

முதலாவதாக, ஒரு கொப்பியை எடுத்துப் பிள்ளையார் சுழியோ சிலுவையோ இட்டு, உள்ள கடன் முழுவதையும் எழுதுதல் வேண்டும். கணவன் மனைவிக்கு ஒளித்த கைமாற்றும், மனைவி கணவனுக்கு ஒளித்த சீட்டு நிலுவையும் அதில் இடம்பெற வேண்டும். இது கடினமான மாலைப்பொழுதாகவே இருக்கும். அன்று யாரும் யாரையும் குற்றஞ் சாட்டுவதில்லை என்று முன்னரே பேசிக்கொள்ளல் நலம். ஒளித்த கடனுக்கு வட்டியோடு அச்சமும் சேர்ந்து ஏறும்.

இரண்டாவதாக, ஆண்டு முழுமைக்கும் வரவு செலவு வகுத்தல் வேண்டும். நம் ஊர்களுக்கு மாதக் கணக்கு மாத்திரம் போதாது. நெல் வரும் மாதம், பாடசாலை தொடங்கும் மாதம், திருவிழா மாதம் ஆகியவற்றைக் குறித்து, நிறைந்த மாதத்தின் மிச்சத்தை வற்றிய மாதத்திற்கு முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, எந்தக் கடனை முதலில் தீர்ப்பது என்று தெளிதல் வேண்டும். ஓர் உதாரணம் காண்போம். ஒரு குடும்பத்துக்குத் தனியாரிடம் 40,000 ரூபா கடன். மாத வட்டி நூற்றுக்கு 5. நகை அடகில் 1,00,000 ரூபா; மாத வட்டி நூற்றுக்கு ஒன்றரை. கடனுக்கென மாதம் 10,000 ரூபா ஒதுக்க இயலும் எனக் கொள்வோம். நகையின் மீதுள்ள ஆசையால் இரு கடனுக்கும் வட்டியைக் கட்டி, மிச்சத்தை அடகுக்கே செலுத்தினால், ஆறு மாத முடிவில் மொத்த நிலுவை ஏறத்தாழ 99,500 ரூபா. மாறாக, மிச்சத்தை ஐந்து வட்டிக் கடனுக்குச் செலுத்தினால் ஆறாம் மாதத்தில் அது முற்றாகத் தீரும். மொத்த நிலுவை ஏறத்தாழ 95,800 ரூபா. இலாபம் 3,700 ரூபா. அம்மட்டோ? ஏழாம் மாதத்துக்குரிய வட்டி முன்னைய வழியில் ஏறத்தாழ 2,900 ரூபா. பின்னைய வழியில் 1,440 ரூபாவுக்குள் அடங்கும். ஒரு கடன்காரர் வாசலுக்கு வருவது நின்றுவிட்டது என்னும் மனநிம்மதி கணக்கில் அடங்காத இலாபம்.

நான்காவதாக, கடன் தீரும்வரை புதுக்கடன் கூடாது. சடங்கும் கலியாணமும் வரும்போதே இவ்வுறுதி சோதிக்கப்படும். சபைக்கு அஞ்சிச் செய்யும் செலவே நம்மவரைப் பெரும்பாலும் வீழ்த்துகின்றது. விரலுக்குத் தக்க வீக்கம் என்று சொல்லும் துணிவு வீட்டுப் பெரியவரிடமிருந்து முதலில் வருதல் வேண்டும்.

ஒருவரை ஒருவர் தாங்குதல்

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடன் தீர்ப்பது சில மாதங்களில் சலிப்பைத் தரும். அப்பொழுதே துணை வேண்டும். மாதமுடிவில் குடும்பத்தார் கூடியிருந்து கொப்பியை வாசிக்கட்டும். குறைந்த தொகையைப் பிள்ளையே பெரிய எழுத்தில் எழுதட்டும். வருடப்பிறப்பின் கைவிசேடத்தைத் தன் உண்டியலில் இடும் சிறுமியின் முயற்சியும் அக்கூட்டத்தில் பாராட்டப்படட்டும். பணம் எவ்வாறு வருகின்றது என்று அறிந்த பிள்ளை, அயல் வீட்டுப் பிள்ளையிடம் உள்ளதெல்லாம் தனக்கும் வேண்டுமென்று அடம் பிடிப்பதில்லை.

வீட்டிற்கு வெளியேயும் துணை உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து அறப்பணிக்கு அளித்த பிடியரிசி வழக்கம் நம் பெண்களுடையது. அதே கை, வாரம் 100 ரூபாவைச் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் இடத் தொடங்கினால், இருபது பெண்களின் சேமிப்பு ஓராண்டில் 1,04,000 ரூபா ஆகும். அவர்களுள் ஒருவரின் தாலிக்கொடியை மீட்க அது போதியதாகலாம். அடுத்த ஆண்டு மற்றொருவருடையதை மீட்கலாம். சிறுதுளி பெருவெள்ளமாவது இவ்வாறே. வடக்கின் கூட்டுறவுச் சங்கங்கள் நுண்கடனிற் சிக்கிய பெண்களுக்குக் குறைந்த வட்டியிற் கடன் வழங்க முன்வந்தமையும் இப்பழைய வழியின் தொடர்ச்சியே.

கடல் கடந்து வாழும் நம் உறவினர்க்கும் ஒரு விண்ணப்பம். தாயகத்திலுள்ளோர்க்கு அனுப்பும் பணத்துடன், அவர்தம் கணக்கின் நிலையையும் அன்போடு விசாரியுங்கள். ஒரு திருவிழாவுக்கு அனுப்பும் பெருந்தொகையிலும், மாதந்தோறும் தவறாது வரும் சிறுதொகை ஒரு குடும்பத்தை நிலைநிறுத்தும்.

வாசகர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டார் யாவரும் ஒருங்கிருக்கும் நாள். பிள்ளையின் பழைய பாடசாலைக் கொப்பியில் எழுதாத ஏடுகள் சில இருக்கும். மாலை விளக்கேற்றிய பின் அவற்றில் ஒன்றை எடுத்து, மேலே இன்றைய திகதியை இடுங்கள். கடன் தீர்ந்த நாளின் திகதியையும் ஒருநாள் அதே கொப்பியில் எழுதுவீர்கள்.